கோவில்பட்டி வக்கீல்

இந்த ஊரில் வக்காலத்துப் போட்டுப் பிழைத்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரைச் சொன்னதும் உங்கள் மனத்தில் கப்பலும் செக்கும் எழும். இரண்டையும் இன்று ஒருபொழுது ஓரமாக வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். இந்த அறுபத்து நான்கு ஆண்டுகளில் கப்பல் கம்பெனி அவர் கையில் இருந்தது, 1906 அக்டோபரில் பதிவானதிலிருந்து 1908 மார்ச்சில் அவர் கைதானது வரை. ஒன்றரை ஆண்டுக்கும் சற்றுக் குறைவு. சிறைவாசம் நாலே முக்கால் ஆண்டு. வக்கீல் தொழிலோ 1895 முதல் 1908 வரை ஒரு பாதி, 1920களில் தொழில் உரிமமான சன்னது திரும்பக் கிடைத்ததிலிருந்து கடைசி வரை மறு பாதி என்று ஏறத்தாழ கால் நூற்றாண்டு. அந்த மறுபாதியின் பெரும்பகுதி, 1932இல் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயரும் வரை, கோவில்பட்டியில் கழிந்தது. நம் மேடைகளில் அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் சிறைவாசல் வரை விரிவாகச் சொல்லிவிட்டு, 'பிறகு வறுமையில் வாடினார்' என்று ஒரே வரியில் இருபத்து நான்கு ஆண்டுகளைக் கடந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள்தான் கோவில்பட்டி இருக்கிறது. என் வாதம் இதுதான்: வ.உ.சி. முதலும் முடிவுமாக ஒரு வக்கீல்; கப்பல் கம்பெனியும் ஆலை வேலைநிறுத்தமும் அந்தத் தொழில் பழக்கத்திலிருந்து கிளைத்தவை; ஆகவே கோவில்பட்டி ஆண்டுகளைத் தேய்பிறையாக எண்ணுவது தவறு.

அவருடைய தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். எட்டயபுரம் சமஸ்தானத்துக்கு வேண்டியவர். பாரதியின் தந்தை சின்னசாமி ஐயருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இருந்த உறவு அந்த வழியில் வந்தது. மகன் சில காலம் ஒட்டப்பிடாரம் தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்தார்; பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்து பிளீடர் தேர்வில் தேறி, 1895இல் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். பிளீடர் என்றால் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைய சட்டத் தொழில் பல படிகள் கொண்டது. உச்சியில் சீமை சென்று படித்துவந்த பாரிஸ்டர். அடுத்து உயர் நீதிமன்றத்தில் ஆஜராகும் வக்கீல். அடியில் முன்சீப் கோர்ட்டிலும் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நிற்கிற பிளீடர். காந்தியும் நேருவும் முதல் படியில் இருந்தவர்கள். வ.உ.சி. கடைசிப் படியில் இருந்தவர். அரசாங்கத்தை அவர் பார்த்த இடமும் அதனால் வேறு. முதல் படியிலிருந்து பார்த்தால் அரசாங்கம் என்பது வைஸ்ராயும் சட்டசபையும். கடைசிப் படியில் நிற்பவனுக்கு அது ஏட்டையா எழுதுகிற பொய் வழக்கு, சப் மாஜிஸ்திரேட்டின் கைநீட்டம், தாலுகா குமாஸ்தா தட்டிக்கழிக்கும் மனு. ஒட்டப்பிடாரத்தில் அவர் ஏழைகளுக்காகக் கட்டணமில்லாமல் ஆஜரானதும், தந்தை வசதியானவர்கள் பக்கம் நிற்க மகன் எதிர்ப்பக்கம் நின்றதும், போலீசாரோடு மோதல் முற்றி 1900 வாக்கில் தூத்துக்குடிக்குப் பெயர்ந்ததும் பலரும் அறிந்தவை. தேசியவாதி ஆவதற்கு முன்பே அதிகாரத்தின் அடிக்கட்டை அவர் குறுக்கு விசாரணை செய்து பழகியிருந்தார்.

கப்பல் கம்பெனியை ஆவேசத்தின் விளைவாகவே திரைப்படம் நமக்குக் காட்டியது. 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழ'னைக் குறை சொல்லவில்லை. சிவாஜி கணேசனுக்கு முன்னால் பங்குப் பத்திரங்களை யார் பார்ப்பார்கள்? ஆனால் அந்தக் கம்பெனியின் அமைப்பைக் கவனியுங்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். பங்கு வாங்கும் உரிமை இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசியருக்கு மட்டும். வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்கு வகுத்த கம்பெனிச் சட்டத்துக்குள்ளேயே வெள்ளைக்காரன் நுழைய முடியாத ஒரு கம்பெனியைப் பதிவு செய்வதற்கு வேண்டியது ஆவணம் எழுதத் தெரிந்த கை. பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததில், பெருந்தனக்காரர் நாலு பேரை நம்பாமல் சிறு வியாபாரிகளைத் திரட்ட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தமும் இப்படியே. மேடைப் பேச்சு கூட்டத்தைச் சேர்த்தது உண்மை. ஆனால் அது பத்து நாளுக்குள் கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை என்று பேசி முடிக்கப்பட்டதற்குக் காரணம், கோரிக்கையை இனம் பிரித்து எதிரியின் முன் வைக்கத் தெரிந்தவர் தொழிலாளர் பக்கம் இருந்தது. அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, அவரைக் கைது செய்தார்கள். செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என்று தீர்ப்பெழுதினார். உயர் நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறைக்குள் இருந்தபோதும் வக்கீல் ஓயவில்லை. சட்ட நுணுக்கம் பேசும் மனுக்கள் உள்ளிருந்து வெளியே போய்க்கொண்டே இருந்தன. செக்கில் மாட்டினார்களே தவிர மனு எழுதுவதை நிறுத்த முடியவில்லை.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது சன்னது இல்லை. தண்டனை பெற்றவர் தொழில் செய்ய முடியாது. கம்பெனி 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. சென்னையில் மளிகை, நெய் வியாபாரம் என்று எது எதையோ செய்து பார்த்தார்; எதுவும் ஒட்டவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணத்தைக் கேட்டு எழுதி, நெடிய கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். இந்தப் பத்தாண்டைத்தான் வீழ்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். அந்த வீழ்ச்சிக்குக் காரணம் தொழில் பறிக்கப்பட்டது. தொழிலுக்குத் திரும்பியது அதற்கு மாற்று. பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் வருகிறது. 1920இல் கல்கத்தா சிறப்பு மாநாட்டில் காங்கிரஸ் ஒத்துழையாமையை ஏற்றது. அந்தத் திட்டத்தில் நீதிமன்றப் புறக்கணிப்பும் ஒரு பகுதி. மோதிலால் நேரு, சி. ஆர். தாஸ், ராஜாஜி எனப் பெரிய வக்கீல்கள் அங்கியைக் கழற்றினார்கள். அதே காலத்தில், அதுவரை தியாகத்தின் உருவமாக இருந்த வ.உ.சி. ஒத்துழையாமையை ஏற்காமல் காங்கிரஸை விட்டு விலகி, ஆங்கில அரசின் நீதிமன்றத்தில் மறுபடி நிற்க அனுமதி தேடினார். உயர் நீதிமன்ற நீதிபதி வாலஸின் உதவியால் சன்னது கிடைத்தது. நன்றிக்கடனாகத் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளைக்காரன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாரே என்று அன்றும் கேட்டிருப்பார்கள், இன்றும் கேட்கிறார்கள். இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. அவருக்கு வருமானம் தேவைப்பட்டது. குடும்பம் பெரிது, கடன் அதைவிடப் பெரிது. வயிற்றுப் பாட்டுக்காக ஒருவர் தமக்குத் தெரிந்த தொழிலைச் செய்வதில் தலைகுனிய என்ன இருக்கிறது? தாமாகத் துறந்தவர்கள் வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது; பலர் எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள். இவரிடமிருந்து அது பிடுங்கப்பட்டது. பிடுங்கப்பட்டதைத் திரும்பக் கேட்பதும் கையில் இருப்பதைத் துறப்பதும் ஒரே தராசில் நிற்காது.

வருமானம் ஒருபுறம் இருக்க, கொள்கை அளவிலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பேன். நீதிமன்றத்தைப் புறக்கணித்தால் வழக்குகள் எங்கே போகும்? ஊர்ப் பஞ்சாயத்துக்கு என்றார்கள். கரிசல் காட்டு ஊரில் 1920களில் பஞ்சாயத்து என்றால் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். ஜமீன் காரியஸ்தர், கடன் கொடுத்தவர், ஊரில் கை ஓங்கிய சாதியின் பெரியதனக்காரர்: இவர்களே நடுவர்கள். கம்பு சோளம் விதைக்கக் கடன் வாங்கிய சம்சாரிக்கு எதிர்க்கட்சிக்காரரே பஞ்சாயத்தாராக உட்கார்ந்திருப்பார். சேரியிலிருந்து வந்தவன் அந்தத் திண்ணையின் மேலேறவே முடியாது. முன்சீப் கோர்ட்டில் செலவு உண்டு, வாய்தா உண்டு, அலைச்சல் உண்டு. ஆனால் அங்கே கூண்டில் ஏறினால் கடன் கொடுத்தவனும் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெரிய வக்கீல்கள் புறக்கணித்தது அரசாங்கத்தின் அடையாளத்தை. கீழ்க்கோர்ட்டைப் புறக்கணித்திருந்தால் நட்டப்பட்டிருப்பவர்கள் வேறு ஆட்கள்.

கோவில்பட்டியில் ஒரு பிளீடரிடம் என்ன வழக்கு வரும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தொழிலின் மதிப்பு அங்கேதான் தெரியும். இது மானாவாரி பூமி. ஐப்பசி கார்த்திகை மழை ஒன்றை நம்பி விதைப்பு. அது பொய்த்தால் அந்த ஆண்டு பூராவும் பொய்த்தது. பருத்தி வெடித்து மாசி பங்குனியில் கைக்குக் காசு வரும் வரை விதைக்கும் மாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கடன்தான். 1901இலேயே இங்கே அரசாங்கம் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வைத்தது பருத்திக்காக. ரயில் அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே வந்து, பொதியைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. பருத்தி பணப்பயிர் ஆனபோது கடனும் காகிதத்துக்கு ஏறியது. புரோநோட்டுக்குக் காலக்கெடு மூன்று ஆண்டு. மூன்றாவது ஆண்டு முடியும் தறுவாயில் கடன் கொடுத்தவர் தேடி வருவார். ஐந்தோ பத்தோ வாங்கிக்கொண்டு நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கைநாட்டு வாங்கிவிட்டால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். வட்டி அசலோடு சேர்ந்து புது நோட்டாகும். தொடர்ந்து மழை ஏமாற்றிய காலத்தில், ஒரு கோட்டை விதைக்காக வாங்கிய கடன் நிலத்தின் பேரில் ஒத்தியாகி, ஒத்தி கிரயமாகி முடியும். சம்மன் வந்ததை அறியாமலோ, அறிந்தும் பயந்து ஊரைவிட்டுப் போயோ, ஒருதலையாக டிக்ரி ஆகிவிட்ட பிறகுதான் பெரும்பாலோர் வக்கீல் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அப்போது அமீனா ஜப்தி வாரண்டோடு வாசலில் நிற்பான்.

அந்த நேரத்தில் பிளீடரால் என்ன முடியும்? நிறையவே முடியும். 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, சம்சாரியின் உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டிய மாடுகளையும், விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. சட்டப் புத்தகத்தில் அது சின்ன உட்பிரிவு. ஆனால் எத்தனை மாடு பிழைப்புக்கு வேண்டும் என்பதைக் கோர்ட்டே முடிவு செய்ய வேண்டும்; எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அமீனா ஓட்டிக்கொண்டு போனது போனதுதான். கரிசல் மண் மழைக்குப் பின் ஈரம் காயும் முன் உழவு முடிந்தாக வேண்டிய மண். ஒரு ஜோடி மாடு பத்து நாள் ஜப்தியில் கிடந்தால் ஒரு வருஷ விளைச்சல் போயிற்று. அன்று ஒரு மனுவை நேரத்தில் போட்டு மாட்டை மீட்டுக் கொடுத்தவன் செய்த காரியத்தை எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுப் பாராட்டுவார்கள்? 1918இன் கடுவட்டிக் கடன் சட்டம், பழைய கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்குத் தந்தது. 1920இன் இன்சால்வென்சி சட்டம் இருந்தது. நம் ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்று ஏளனமாகச் சொல்கிற அந்த வழி, கடன் சிறையிலிருந்து தப்பச் சம்சாரிக்கு எஞ்சிய வாசலாகவும் இருந்தது. இந்தச் சட்டங்கள் எல்லாம் இருந்தும், யாராவது கையில் எடுக்கும் வரை அவை வெறும் காகிதம். விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது 1938இல். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், கீழ்க்கோர்ட்டில் நின்று வாதாடிய பிளீடர்களைத் தவிர இந்தச் சம்சாரிகளுக்குத் தற்காப்பு என்று சொல்லப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

உடனே ஒரு கேள்வி எழும், அது நியாயமான கேள்வி. டிக்ரி வாங்கியவனுக்கும் ஒரு வக்கீல் இருந்தானே? கடன் கொடுத்தவன் காசு வைத்திருப்பவன். அவன் பக்கம் நிற்கத்தானே வக்கீல்கள் முந்துவார்கள்? காந்தி 1909இல் எழுதிய 'ஹிந்த் சுயராஜ்யம்' வக்கீல்களையே சண்டை வளர்ப்பவர்கள் என்று சாடியது. இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வழக்கு ஊரை அழித்திருக்கிறது. வரப்புத் தகராறில் இரண்டு வீடும் ஓட்டாண்டியான கதைகள் கரிசல் காட்டில் ஏராளம். அதனால்தான் ஒரு வக்கீலை மதிப்பிட அவர் வென்ற வழக்குகளின் எண்ணிக்கை போதாது. எந்தப் பக்கம் நின்றார், அதில் எவ்வளவு சேர்த்தார் என்று பார்க்க வேண்டும். சேர்த்ததைப் பொறுத்தவரை சான்று வெளிப்படை. பருத்தியும் தீப்பெட்டியும் பணம் புரட்டத் தொடங்கிய ஊரில் பல ஆண்டுகள் தொழில் செய்த ஒருவர் வீடு வாசல் வாங்கவில்லை. சாவுக்குச் சற்று முன் அவர் சொல்லி எழுதிய உயில், ஜவுளிக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் இருந்த பாக்கிகளை வரிசைப்படுத்துகிறது. வாழ்நாள் முழுக்கப் பிறருக்கு ஆவணம் எழுதியவர், தமக்கென்று எழுதிய கடைசி ஆவணத்தில் கடன்காரர்களை ஏமாற்றாமல் வைத்தார்.

கோவில்பட்டியில் அவர் அரசியலை மறந்துவிட்டார் என்பதும் சரியில்லை. 1927இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றுப் பேசிய உரை 'எனது அரசியல் பெருஞ்சொல்' என்று அச்சாயிற்று. அந்தப் பேச்சுக்குச் சேலம் போனவர் கோவில்பட்டி பிளீடர்தான். தமிழ்ப் பணியும் அப்படியே. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை ஏடுகளோடு ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்கும் வேலை இந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. ஏட்டுப் பிரதிகளில் எது மூலத்துக்கு நெருக்கம் என்று தீர்மானிப்பது, இரண்டு சாட்சிகளில் யார் சொல்வது பொருந்துகிறது என்று பார்க்கிற அதே மூளையின் வேலை. அவரோடு சேர்ந்து உழைத்த எஸ். வையாபுரிப் பிள்ளையும் தமிழ் லெக்சிகனுக்குப் போகுமுன் வக்கீலாக இருந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பதிப்பாசிரியர் வ.உ.சி.யைத் தமிழ்த்துறைக்காரர்களும், தியாகி வ.உ.சி.யை அரசியல்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வக்கீல் வ.உ.சி. பாகப்பிரிவினையில் யாருக்கும் வேண்டாத சொத்தாக நின்றுவிட்டார்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், ஆராய்ச்சியாளர்கள் சொல்வது: கோவில்பட்டித் தொழில் பற்றி நீ பேசுகிறாய், வழக்கு ஆதாரம் எங்கே? சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள்தான் இடம் பெறும். முன்சீப் கோர்ட்டில் பத்தாயிரம் வழக்கு நடத்தினாலும் ஒன்றும் அங்கே ஏறாது. கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளோ விதிப்படி குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுபவை. ஆனால் அரசாங்கம் அழித்ததைச் சம்சாரி அழிப்பதில்லை. பாகப்பிரிவினை, பாத்தியதை, ஒத்தி மீட்பு ஆகியவற்றில் வந்த டிக்ரியின் சான்றிட்ட நகல் நிலத்துக்கு மூலப் பத்திரம். அதைப் பேரன் காலம் வரை டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருப்பார்கள். நகலின் தலைப்பில் வாதி பெயர், பிரதிவாதி பெயர், கூடவே இரு தரப்புக்கும் ஆஜரான பிளீடர்களின் பெயரும் இருக்கும். கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் 1920களின், 1930களின் நகல்களைத் தேடி, வாதி யார், பிரதிவாதி யார், இவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பட்டியலிட்டால் என் வாதம் நிற்கிறதா விழுகிறதா என்பது தெரிந்துவிடும். விழுந்தால் ஒப்புக்கொள்வேன். காடுகள் காற்றாலைக்கும் மனைக்கும் கைமாறுகிறபோது, பட்டா கணினியில் ஏறிவிட்டதே, இந்தப் பழைய தாள் எதற்கு என்று பிள்ளைகள் தூக்கிப் போடத் தொடங்கிவிட்டார்கள். இந்த வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் தங்கள் மூலப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு முதலில் வருவது இங்கே உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர்களின் மேசைக்குத்தான். அடுத்த தடவை ஒரு பழைய டிக்ரி நகல் உங்கள் கைக்கு வந்தால், திருப்பிக் கொடுக்கும் முன் முதல் பக்கத்தை ஒரு படி எடுத்து வையுங்கள்.